யாரும் தொடாத பென் டிரைவ் எப்படிக் கெட்டது?

ரங்கூனில் அனவ்ரத்தா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருபது வருஷமாகப் பழுதுபார்க்கும் மேஜை போட்டிருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சேமிப்பைப் பற்றியவை. பென் டிரைவ், மெமரி கார்டு, கைபேசி, கணினிக்குள் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி என்று பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே வகைச் சிப்பு, ஃப்ளாஷ். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டைக் கேசட்டிலிருந்து மாற்றி 2017-ல் ஒரு பென் டிரைவில் போட்டோம். பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தோம். போன மாதம் எடுத்துச் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. யாருமே தொடவில்லையே, எப்படிக் கெட்டது? – மௌல்மேனிலிருந்து ஒரு வாசகி

அம்மா, முதலில் ஒன்று: அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள். அழுத்தாத வரை நம்பிக்கை இருக்கிறது.

யாரும் தொடாமல் கிடந்ததே காரணமாக இருக்கலாம். ஃப்ளாஷ் சிப்பில் எழுதுவது என்றால், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பது. அறைச் சுவர் சில நானோமீட்டர் கனம்தான். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அந்தச் சுவர் வழியாக மெல்ல மெல்லக் கசியும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "நிறைந்திருக்கிறதா, காலியா" என்று மட்டும் பார்த்தால் கொஞ்சம் வற்றினாலும் பிழை வராது. அதே டம்ளரில் பதினாறு கோடு போட்டு, "பதினோராவது கோட்டில் நிற்கிறது" என்று படித்தால்? ஒரு சொட்டு குறைந்தாலும் பத்தாகிவிடும். பழைய சிப்புகள் ஓர் அறையில் ஒரே ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, வைத்தன, இரண்டு அளவு போதும். மூன்று பிட் வைத்தால் எட்டு அளவு, நான்கு பிட் வைத்தால் பதினாறு அளவு. விலை இறங்கியது இப்படித்தான். பிழை திருத்தும் கணக்கு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்ற கேள்வி வரும்.

வெயில் இதை விரைவாக்கும். 2024 ஏப்ரலில் மக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஓட்டு வீட்டில் இரும்பு பீரோவுக்குள் சித்திரை மாதம் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல், 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கொஞ்சமே எழுதப்பட்ட புதுச் சிப்பு இதைவிடப் பல வருஷம் தாங்கும், உண்மை. ஆனால் மலிவான பென் டிரைவில் எந்தத் தரத்துச் சிப்பு என்று வெளியே எழுதியிருப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. கணினியில் அதன் அளவு சரியாகக் காட்டுகிறதா பாருங்கள். 8 ஜிபி என்றால் 8-க்குப் பக்கத்தில். காட்டினால் கன்ட்ரோலர், அதாவது சிப்பை நடத்தும் உள் மூளை, உயிரோடு இருக்கிறது. டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் முழு டிரைவையும் அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலில்தான் மீட்பு வேலை பார்க்க வேண்டும். போன மழைக்காலத்தில் இதே மாதிரி ஒன்று என் மேஜைக்கு வந்தது. முதல் சுற்றில் நகல் ஓடும்போது திரையில் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. படிக்காமல் விட்ட இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க விட்டேன். நான்காவது சுற்றில் சில, ஐந்தாவதில் இன்னும் சில என்று அந்த எண்ணிக்கை இறங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெரியவரின் இருமல் ஒலிப்பெருக்கியில் கேட்டது. பதிவின் தொடக்கம் அதுதான். இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: அந்தக் கேசட் இருக்கிறதா? இருந்தால் எறியாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட முடியும். குரல் கிடைத்ததும் ஒரு நகலை ஹார்ட் டிஸ்க்கிலும், ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமும் வையுங்கள். பென் டிரைவிலும் வைப்பதானால் வருஷம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். சும்மா செருகி எடுத்தால் கசிந்தது நிரம்பாது.

சார், ஃப்ளாஷ் என்று ஏன் பெயர் வந்தது? – பெகுவிலிருந்து ஒரு மாணவர்

தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் இந்த நினைவகத்தை உலகுக்குச் சொன்னார். ஒரு பெரிய பகுதி மொத்தமும் ஒரே அடியில் அழிவதைப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்குக் கேமரா ஃப்ளாஷ் மின்னுவது நினைவுக்கு வந்ததாம். இன்று நம் கையில் இருக்கும் நாண்ட் வகை 1987-ல் வந்தது. இந்த "மொத்தமாக அழியும்" குணத்தை மனதில் வைத்துக்கொள், தம்பி. அடுத்த பதிலுக்கு அது வேண்டும்.

அண்ணே, எங்கள் பக்கம் மின்சாரம் போவதும் வருவதும் கணக்கே இல்லை. ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு கணினி எஸ்எஸ்டியைக் காட்டவே இல்லை. அந்த நேரம் நான் எதையும் சேவ் செய்யவில்லை. அப்படியிருக்க எப்படி? – தாம்வே வாசகர்

தம்பி, நீங்கள் சேவ் செய்யாவிட்டாலும் எஸ்எஸ்டி சும்மா இருப்பதில்லை.

அந்தக் காலத்துச் செட்டியார் கிட்டங்கியில் பேரேடு எழுதுவதை நினைத்துப் பாருங்கள். எழுதிய வரியை அழித்து அதன்மேல் எழுதக் கூடாது, அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும். ஃப்ளாஷ் சிப்பும் அப்படித்தான். எழுதுவது பேஜ் கணக்கில், ஒரு பேஜ் சில கிலோபைட். அழிப்பதோ பிளாக் கணக்கில், ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ். எனவே ஒரு ஃபைலைத் திருத்தினால் புது வடிவம் வேறு இடத்தில் எழுதப்படும், பழையது செல்லாததாகக் குறிக்கப்படும். செல்லாதவை குவிந்த பிளாக்கைக் கன்ட்ரோலர் தேடி, அதில் மிச்சமிருக்கும் நல்ல பேஜ்களை வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டு, மொத்தத்தையும் துடைத்து எடுத்துக்கொள்ளும். ஒரே பிளாக் மீண்டும் மீண்டும் தேயாமல் இருக்க வேலையை எல்லாப் பிளாக்குக்கும் பங்கு போடும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கன்ட்ரோலரே வைத்திருக்கும், அதுதான் பேரேடு. விண்டோஸுக்கு இதெல்லாம் தெரியாது.

அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், ஃபைல்கள் சிப்பில் இருந்தும் இடம் தெரியாமல் போகும். டிரைவே காணாமல் போனது போலத் தெரியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓர் அறையில் பல பிட் வைக்கும் சிப்பில், இரண்டாவது பிட் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அதே அறையில் முன்பே எழுதி முடித்த பிட்டும் கெடலாம். நேற்று சேமித்த ஃபைல் இன்று கெடுவது இதனால்தான். சர்வர்களுக்கான விலை கூடிய எஸ்எஸ்டிகளில் சிறு கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரம் போன பிறகும் அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடிக்க அவை போதும். வீட்டு எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இல்லை.

இப்போது இதைச் செய்து பாருங்கள். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மின் இணைப்பு மட்டும் கொடுத்து இருபது நிமிடம் விடுங்கள். அரை நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி இருபது நிமிடம். சில மாடல்களில் கன்ட்ரோலர் இந்த நேரத்தில் பட்டியலைத் தானே சீராக்கிக்கொள்ளும். எழுந்தால் முதல் வேலை நகல் எடுப்பது.

அடுத்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். படம் பார்க்க அல்ல, ஐந்து நிமிடத்தில் முறையாக அணைக்க. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது மாறும் நேரத்தில் கணினி ஒரு முறை அணைந்து எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் இன்வெர்ட்டருக்குப் பின்னாலும் யுபிஎஸ் வேண்டும். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தும் அந்த நொடியில் கணினியைப் போடாதீர்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் எழுவதால் வோல்டேஜ் தள்ளாடும், ஒரே நிமிடத்தில் மறுபடி போவதும் உண்டு. பத்து நிமிடம் பொறுங்கள்.

சாலையோரக் கடையில் 2 டிபி பென் டிரைவ் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைத்தது. பேர் தெரிகிறது, வீடியோ ஓடவில்லை.

போலி. 16 அல்லது 32 ஜிபி சிப்பை வைத்து, கன்ட்ரோலரை 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஃபைல் பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயர்கள் தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியது எங்கேயும் போய்ச் சேரவில்லை, அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழுந்திருக்கும். இதில் எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக அல்ல. கல்யாண வீடியோவை இதில் போட்டுவிட்டுக் கைபேசியில் அழித்துவிடுகிறார்கள், அதற்காக. எது வாங்கினாலும், பயன்படுத்தும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். முழு இடத்தையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஓர் இரவு பிடித்தாலும் பரவாயில்லை.

எஸ்எஸ்டிக்கு மாதா மாதம் டீஃபிராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்யலாமா? சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

வேண்டாம். தேய்மானத்துக்கும் பயப்பட வேண்டாம். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் இருந்தால், தினம் 20 ஜிபி எழுதினாலும் நாற்பது வருஷம் ஆகும். அதற்கு முன் வேறு ஏதாவதுதான் கெடும்.

கடையில் கேமரா வைத்தோம். 64 ஜிபி கார்டு, எட்டு மாதத்துக்குள் இரண்டு போய்விட்டது. – சிரியத்திலிருந்து மளிகைக் கடைக்காரர்

இங்கே தேய்மானம் உண்மை. கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. மூன்று நாளுக்கு ஒரு முறை கார்டு முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது, வருஷத்துக்கு 120 தடவைக்கு மேல். உள்ளே பிளாக் துடைக்கும் வேலையில் நடக்கும் கூடுதல் எழுத்து வேறு. தகரக் கூரைக்குக் கீழே கேமராவின் சூடு வேறு. சாதாரண கார்டு புகைப்படத்துக்காகச் செய்தது. "ஹை எண்டியூரன்ஸ்" என்று எழுதிய கார்டு வாங்குங்கள், முடிந்தால் 128 ஜிபி, அப்போது தேய்மானம் பாதியாகும். "அசைவு இருந்தால் மட்டும் பதி" என்று கேமராவில் மாற்றுங்கள் அண்ணாச்சி, இரவு முழுவதும் அரிசி மூட்டையைப் படம் பிடிக்கத் தேவையில்லை. மாதம் ஒரு நாள் பழைய பதிவை ஓட்டிப் பாருங்கள். கெட்டுப்போன கார்டு பல நேரம் எழுதுவது போலவே காட்டும். திருட்டு நடந்த அன்றுதான் தெரியும்.

பூக்குழித் திருவிழாப் படங்கள் அழிந்துவிட்டன. பாதி கேமரா கார்டில், பாதி கைபேசியில். மீட்க முடியுமா?

கார்டில் இருந்தவை பெரும்பாலும் முடியும். கார்டை உடனே வெளியே எடுங்கள், இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்தபோது பட்டியலில் பெயருக்குத்தான் கோடு விழுந்தது, படம் அப்படியே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலைப் பார்க்காமல் சிப்பில் உள்ள படத்தின் தலைப்புக் குறிகளைத் தேடி எடுக்கும். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் கணினியில் எழுதுங்கள்.

கைபேசியில் இருந்தவை கடினம். அழித்த இடம் இனி வேண்டாம் என்று கைபேசியே சிப்புக்கு அவ்வப்போது சொல்லிவிடும், டிரிம் என்பார்கள். சிப்பும் சாவகாசமாகத் துடைத்துவிடும். கேலரியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், அங்கே சில வாரம் தங்கும். அங்கும் இல்லையென்றால் "நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்" என்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பூக்குழியன்று கூட நின்ற உறவினர்களிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள்.

128 ஜிபி கைபேசியில் 2 ஜிபி மிச்சம். ஆமை மாதிரி நகர்கிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. மேலே சொன்ன துடைக்கும் வேலைக்குக் காலி இடம் வேண்டும். வீடு நிறையச் சாமான் இருந்தால் பெருக்க முடியாதது போல. பல கைபேசிகள் காலி இடத்தின் ஒரு பகுதியில் ஓர் அறைக்கு ஒரே பிட் என்று முதலில் வேகமாக எழுதிவிட்டு, பிறகு நெருக்கி அடுக்கும். இடம் இல்லையென்றால் அந்த வசதியும் போய்விடும். 15 ஜிபியாவது எப்போதும் காலியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு வரும் காலை வணக்க வீடியோக்களில் தொடங்கலாம்.

64 ஜிபி கார்டு 59.6 என்று காட்டுகிறது. ஏமாற்றா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.

பழைய கைபேசியை விற்கப் போகிறேன். அக்கா சொல்வது போலப் படங்களை அழித்தால் போதுமா?

போதாது. கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வந்த எல்லாக் கைபேசிகளிலும் தகவல் பூட்டியே எழுதப்படுகிறது. ரீசெட் செய்தால் சாவி அழியும், சிப்பில் மிச்சம் கிடப்பது வெறும் குப்பை. மெமரி கார்டைக் கழற்ற மறக்காதீர்கள். வாங்கும் கடைக்காரர்களிடமிருந்து வாரம் ஒரு கார்டாவது என் மேஜைக்கு வருகிறது, யாரோ ஒரு குடும்பத்தின் படங்களோடு.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்த கைபேசி எழவில்லை. உள்ளே இருந்த மெமரி கார்டு?

அநேகமாகப் பிழைத்திருக்கும். மெமரி கார்டு முழுவதும் பிசினில் அடைத்த ஒரே கட்டி, தண்ணீர் உள்ளே போக வழி குறைவு. வாளித் தண்ணீரின் உப்பும் அழுக்கும் பொன்னிறக் கால்களில் படிந்தால்தான் தொல்லை. நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கால்களைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் வேண்டாம், அரிசிப் பானையிலும் வேண்டாம், அந்தத் தூசு கால்களில் ஒட்டும். காய்ந்த பிறகு கார்டு ரீடரில் போட்டு, முதலில் நகல்.

கைபேசியின் உள் நினைவகம் பலகையோடு ஒட்டியது, அதைத் தனியாகக் கழற்றினாலும் பூட்டிய தகவல்தான் கிடைக்கும். அந்தக் கைபேசியே ஒரு முறை எழ வேண்டும். அதனால் சார்ஜரில் போட்டுப் போட்டுப் பார்க்காமல், அணைத்த நிலையிலேயே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.