அப்பா காலத்துக் கதிரடிக்கும் மிஷினா, அறுப்பு வண்டியா?

கேள்வி: வணக்கம் ஐயா. வாழப்பாடி பக்கம் இரண்டு ஏக்கர் நெல் போட்டிருக்கிறேன், கதிர் முற்றி வருகிறது. மூன்று மாடுகள் இருக்கின்றன. டிராக்டரில் பெல்ட் மாட்டி ஓட்டும் அப்பா காலத்துக் கதிரடிக்கும் மிஷின் ஆறேழு வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதைச் சரிசெய்து ஓட்டலாமா, அறுப்பு வண்டியைக் கூப்பிடலாமா?

பதில்: மூன்று மாடு என்று எழுதியிருக்கிறீர்களே, முடிவு அதில்தான் இருக்கிறது. நெல் மட்டும் போதும் என்றால் வண்டியைக் கூப்பிடுங்கள். ஏக்கருக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றிக் கொடுத்துவிடும். மழை மூட்டம் போட்ட நாளில் அந்த வேகத்துக்கு ஈடே கிடையாது.

ஆனால் வண்டி அடித்தாளை விட்டுவிட்டுத்தான் அறுக்கும். மீதித் தாள் நசுங்கி வயலில் விழும். ஈரத்தில் வண்டியின் செயின் சக்கரம் ஏறி மிதித்தால் சேறு ஒட்டும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும். உங்கள் மிஷினிலும் தாள் கொஞ்சம் நசுங்கும்தான். இருந்தாலும் அடியோடு அறுத்த முழு வைக்கோலும் மண் படாமல் களத்திலேயே சேரும், அப்படியே போர் போடலாம்.

அதனால் ஆள் கிடைத்தால் ஒரு ஏக்கரைக் கையால் அறுத்து மிஷினில் அடியுங்கள், இன்னொரு ஏக்கரை வண்டிக்கு விடுங்கள். விதை நெல்லையும் மிஷினில் அடித்ததிலிருந்தே எடுங்கள். வண்டிக்குள் இதற்கு முன் அறுத்த வயலின் நெல்லும் களை விதையும் தங்கியிருக்கும். விதையில் கலப்பு வருவது அப்படித்தான். பழைய மிஷின் என்றால் காலம் போன சாமான் என்று நினைக்காதீர்கள். சேர்வராயன் மலைச் சரிவில் சாமை போடுகிற துண்டு நிலங்களுக்குப் பெரிய வண்டி ஏறவே ஏறாது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டு ஊட்டும் வாயைப் பாருங்கள். பழைய மிஷின்களில் அது குட்டையாக, மேலே மூடாமல் இருக்கும். கை உள்ளே போய் விரலும் கையும் இழந்தவர்கள் நிறையப் பேர்; அதற்காகவே 1983-ல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வாய் குறைந்தது 90 செ.மீ. நீளமும், அதில் டிரம் (கதிரை அடிக்கும் பல் வைத்த உருளை) பக்கம் 45 செ.மீ. மூடியும் இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் தகடு அடித்து மாட்டிவிடலாம். அது முடியாமல் ஒரு கட்டுகூட ஊட்டாதீர்கள். ஊட்டுகிறவர் துண்டை இடுப்பில் தொங்கவிடக் கூடாது, சட்டைக் கையை மடித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பேரிங்குக்கு கிரீஸ், பெல்ட்டில் வெடிப்பு, டிரம் பல்லில் முறிவு பாருங்கள். ஒரு பல் மாற்றினால் எதிர்ப்பக்கத்துப் பல்லும் அதே எடையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மிஷின் உதறும். முதல் கட்டு அடித்ததும் நெல்லைக் கையில் அள்ளிப் பாருங்கள். நொறுங்கியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வைக்கோலில் நெல் தங்கினால் டிரம்முக்கும் அடிச் சல்லடைக்கும் உள்ள இடைவெளியைக் குறையுங்கள்.

நூற்றுக்கு எண்பது மணி பொன்னிறமானதும் அறுக்கலாம். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். வண்டி நெல் ஈரமாகத்தான் வரும். மூட்டையிலேயே விடாமல் அன்றைக்கே களத்தில் பரப்புங்கள். இருப்பு வைக்க 14 சதவீத ஈரம், விதைக்கு 13. வண்டிக்கு இப்போதே சொல்லி வையுங்கள், வந்ததும் வயலில் இறங்குமுன் சில நிமிடம் காலியாக ஓடவிட்டு உள்ளிருப்பதைக் கொட்டச் சொல்லுங்கள்.