கேப்ஸ் லாக் லைட் எரியுதா?

கேள்வி: வணக்கம் சார், எங்க வீட்டு டெஸ்க்டாப்புக்கு பன்னெண்டு வயசு ஆச்சு. ரெண்டு ரெண்டு ஜிபியா 4 ஜிபி ரேம், அப்ப வாங்கின அதே ஹார்ட் டிஸ்க். ரெண்டு மாசமா திடீர் திடீர்னு ஹேங் ஆகி அப்படியே நின்னுடுது, சில நாள் அஞ்சு நிமிஷத்துல, சில நாள் பொழுதன்னிக்கும் ஓடினாலும் ஒண்ணும் ஆகறதில்ல. ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டாச்சு. விண்டோஸ் பிழைக் குறிப்பெல்லாம் எழுதி வெக்கற ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு சிவப்பா வருது. மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு சர்வீஸ் பண்றவர் சொல்றார். வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. பெட்டியைத் திறக்காமலே மதர்போர்டுன்னு சொல்றவங்க பேச்சை நான் அவ்வளவா நம்பறதில்ல. அந்த 41ஐப் பாத்து பயப்படவும் வேணாம், ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மெஷின் நின்னு போச்சுன்னு விண்டோஸ் எழுதி வெக்கற குறிப்பு அது, அவ்வளவுதான். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணது நீங்கதானே, அதைத்தான் எழுதியிருக்கு!

அடுத்த தடவை நிக்கும்போது கை நேரா பவர் பட்டனுக்குப் போகாம கேப்ஸ் லாக்கை ரெண்டு தடவை தட்டுங்க. லைட் மாறிச்சுன்னா விண்டோஸுக்கு உள்ள உயிர் இருக்கு, எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு, பழைய மெஷின்ல அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். மவுஸ் நகரும் ஆனா எதை கிளிக் பண்ணாலும் நடக்காது, பெட்டி முன்னாடி இருக்கற டிஸ்க் லைட் அணையாம எரியும், ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா திரும்பி வரும். லைட் மாறவே இல்ல, ஓடிட்டிருந்த பாட்டு ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு ட்ர்ர்ர்னு கத்துதுன்னா ரேம், பவர் சப்ளை, போர்டு இந்தப் பக்கம் பாக்கணும், எப்பவாவது டிரைவரும் இப்படிப் பண்ணும்.

டிஸ்க் மேல சந்தேகம்னா மொதல்ல போட்டோ, டாகுமென்ட் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். பிறகு டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போட்டுப் பாருங்க, ஃப்ரீதான். 05 (கெட்டுப்போய் மாத்தின இடங்கள்), சி5 (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற இடங்கள்) ரெண்டு வரிலயும் கடைசில வர்ற ரா வேல்யூங்கற எண்ணிக்கை சைபரா இருக்கணும். சி5 வாராவாரம் ஏறுதுன்னா டிஸ்க் கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். சி7 (கேபிள் வழியா டேட்டா போகும்போது வர்ற பிழை) மட்டும் ஏறுதுன்னா டிஸ்க்கைத் திட்டாதீங்க, டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கற சாட்டா கேபிளை மாத்துங்க.

லைட் மாறலைன்னா கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டு ரேமைக் கழட்டி, தங்கக் கலர் பல்லை ரப்பரால மெதுவா தேய்ச்சு துடைச்சு ஒரே ஒரு ஸ்டிக்கோட ஓட்டுங்க, ரெண்டு நாள் அது, ரெண்டு நாள் இது. ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86+ புரோகிராமை ராத்திரி பூரா ஓட விடுங்க, காலைல பிழைன்னு ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் விட்டுடக் கூடாது, ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க.

சூட்டை எல்லாரும் மொதல்ல சொல்வாங்க, ஆனா பிராசஸர் சூடானா வழக்கமா வேகம் குறையும், ரொம்பப் போனா பட்டுனு ஆஃப் ஆயிடும், நீங்க சொல்ற மாதிரி உறைஞ்சு நிக்கறது கம்மி. அதுக்காக பாக்காம விடவும் முடியாது. என் பழைய பெட்டி ஒண்ணுல விண்டோஸ், ரேம் எல்லாம் மாத்திட்டு கடைசில பாத்தா பிராசஸர் ஃபேனோட நாலு பிளாஸ்டிக் கால்ல ஒண்ணு எழும்பி நிக்குது, ஃபேனுக்கும் சூட்டை இழுக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு. சும்மா கட்டைவிரலால அந்தக் காலை டிக்குனு அமுக்கினேன், அதோட சரி. (வெட்கக்கேடு, யார்கிட்டயும் சொல்லல.)

இவ்வளவும் சரின்னா ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டிட்டு பென்டிரைவ்ல விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ் மின்ட் போட்டு அரை நாள் ஓட்டுங்க. அதுலயும் நின்னா விண்டோஸும் இல்ல டிஸ்க்கும் இல்ல, மிச்சம் பவர் சப்ளையும் போர்டும்தான். பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் ஸ்கிரீன்) 12 வோல்ட்னு காட்டற இடத்துல 11.4க்கு கீழ இறங்குதுன்னா சப்ளை மேலதான் சந்தேகம், நல்லா ஓடற வேற ஒண்ணை மாட்டிப் பாருங்க. சப்ளை டப்பாவை மட்டும் திறந்துடாதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள ஷாக் அடிக்கற அளவுக்கு கரண்ட் நிக்கும். போர்டுல கெப்பாசிட்டர் (சின்ன டப்பா மாதிரி நிக்கற பார்ட்) எதாவது தலை உப்பி, பழுப்பா கசிஞ்சிருந்தா சர்வீஸ்காரர் சொன்னது சரி.

கேள்வி: என்னோட சிஸ்டம்ல தினமும் டைம் தப்பா காட்டுது, அதனால ஹேங் ஆகுமா?

பதில்: ஆகாது. பெரும்பாலும் போர்டுல இருக்கற சிஆர்2032ங்கற பட்டன் செல் தீர்ந்திருக்கும், மாத்துங்க. மாத்தினதும் பயாஸ்ல தேதி சரியா இருக்கான்னும், சாட்டா மோடு (டிஸ்க்கோட போர்டு பேசற விதம்) பழையபடி இருக்கான்னும் பாத்துடுங்க, சாட்டா மோடு மாறிட்டா விண்டோஸ் பூட் ஆகாம போகலாம்.