மாமியார் வீட்ல பெந்தேகோஸ்தே, நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்றாங்க, எப்படி ஒத்துப்போறது?

சிஸ்டர், உங்க கேள்விய படிச்சதும் எங்க அத்தை ஞாபகம்தான் வந்துச்சு. நாங்களும் சிஎஸ்ஐதான், தூத்துக்குடி பக்கம். அத்தை கல்யாணத்துக்கு அப்புறம் பெந்தேகோஸ்தே சபைக்குப் போய், கம்மல் மூக்குத்தி எல்லாம் கழட்டிட்டு தாமிரபரணில முழுக்கு எடுத்துட்டாங்க. "அப்போ குழந்தைல குடுத்த ஞானஸ்நானம்?"னு அப்பா கேட்டதுக்கு "அது கணக்குல வராது அண்ணே"ன்னுட்டாங்க, அந்த ஒரு வார்த்தைக்கு நாலு வருஷம் பேச்சுவார்த்தையே இல்ல.

முன்னாடி வாங்கினது கணக்குல வருமா வராதாங்கற இதே மாதிரி சிக்கல் நம்ம சிஎஸ்ஐ உருவானப்பவும் வந்துச்சு. 1919ல தரங்கம்பாடில கூடிப் பேச ஆரம்பிச்சாங்க, ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டேரியனும் காங்கிரகேஷனலும் ஏற்கனவே சேர்ந்திருந்த சபை, இவ்வளவு பேரும் ஒண்ணாக 1947 செப்டம்பர் 27 வரைக்கும் ஆச்சு, 28 வருஷம். பெரிய முடிச்சே பிஷப் கையால குருப்பட்டம் வாங்காதவங்க போதகரா இல்லையாங்கறதுதான். கடைசில இனிமே வர்றவங்களுக்கு பிஷப் கையால பட்டம், ஏற்கனவே போதகரா இருக்கவங்க மறுபடி பட்டம் வாங்க வேண்டாம், அப்படியே ஏத்துக்குவோம்னு முடிவு பண்ணாங்க. நம்ம வெள்ளாளன்விளைல பிறந்த அசரியா பிஷப் இதுக்காக எவ்வளவு பாடுபட்டாரு, ஆனா அந்த நாளப் பாக்காமலே 1945ல போயிட்டாரு, நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்கும்.

பைபிள்ல ரோமர் 14லயும் பவுல், விசுவாசத்துல பலவீனமா இருக்கவங்கள வாதாடி முடிச்சுட்டு சேத்துக்கோங்கன்னு சொல்லல, முதல்ல சேத்துக்கோங்கன்னுதான் சொல்றாரு.

அத்தை சபைல கிறிஸ்மஸ் கிடையாது. அஞ்சாவது வருஷம் பண்டிகை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு அப்பா ஒரு டப்பால முந்திரிக்கொத்து எடுத்துகிட்டு "பண்டிகைக்கு இல்லம்மா, சும்மா சாப்பிடு"ன்னு அவங்க வீட்டுத் திண்ணைல போய் உக்காந்தாங்க. அத்தை அழுதுட்டாங்க. ஞானஸ்நான விஷயத்துல ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் அவங்கவங்க இடத்துலதான் நிக்கிறாங்க, ஆனா அப்பாவுக்கு ஆபரேஷன்னதும் முதல் ஆளா வந்து தலைமாட்டுல முழங்கால் போட்டது அத்தைதான்.

அதனால உங்க மாமியார்கிட்ட நேராவே சொல்லுங்க: "அத்தை, எனக்கு ஒரு தடவை ஞானஸ்நானம் ஆயிருச்சு, வளந்தப்புறம் நானே விசுவாசத்த உறுதி பண்ற திடப்படுத்தலும் ஆயிருச்சு, மறுபடி எடுக்க என் மனசாட்சி இடங்கொடுக்கல. ஆனா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு உங்க கூட வரேன்." அப்படிச் சொல்லிட்டு நிஜமாவே போங்க, போய் அவங்க பக்கத்துல உக்காருங்க.