அப்புச்சி எங்கம்மா போனாரு?

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோடு பக்கம் கிராமம். நாலு மாதத்துக்கு முன்பு அப்பா ஸ்ட்ரோக் வந்து தவறிவிட்டார். மூன்று நாள் ஐசியூவில் இருந்தார். எங்களை உள்ளே விடவில்லை. ‘தண்ணி கேட்டார், கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க’ என்று ஒரு நர்ஸ் பிறகு சொன்னார். காரியத்துக்கு வந்த யாரோ ஒருவர் கருட புராணப் புத்தகம் கொடுத்தார். ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து முடித்தேன். அதிலிருந்து தூக்கம் போயிற்று. இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழிக்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. கணவரின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு முறை ஈசிஜி எடுத்தாயிற்று, நார்மல். கணவர் பெரியார் வழி. ‘செத்தா மண்ணு, அவ்வளவுதான்’ என்கிறார். அம்மா தினமும் காக்கைக்குச் சோறு வைத்து, ‘அப்பா வந்துட்டாரு’ என்கிறார். நாத்தனார், செத்துப் பிழைத்தவர்கள் பேசும் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஐந்து வயது மகள், ‘அப்புச்சி எங்கம்மா போனாரு?’ என்று கேட்கிறாள். இதில் எது உண்மை? செத்த பிறகு ஏதாவது இருக்கிறதா இல்லையா? அது தெரிந்தால் பயம் போய்விடும். (பெயர் வேண்டாம்.)

பதில்: முதலில் அந்த இரண்டு மணியைப் பார்த்துவிடுவோம். மேலுலகம் எங்கும் ஓடிப்போகாது.

நீங்கள் எழுதியிருப்பதை டாக்டர்கள் ‘பேனிக் அட்டாக்’ என்பார்கள். தூங்குகிறவரை எழுப்பிக்கூட அது வரும். புலியை எதிரில் கண்டதுபோல உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. புலிதான் இல்லை. மூச்சை வேக வேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, தானாக இறங்க ஆரம்பிக்கும். அதுவரை எழுந்து உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். போனைத் தொடாதீர்கள். இன்னொன்று, கணவரின் மூக்கில் விரல் வைக்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும், ‘சோதித்ததால்தான் தப்பித்தோம்’ என்று மனசு பாடம் படித்துக்கொள்கிறது. மூன்றாவது ஈசிஜியும் அதே கதைதான். அந்தக் காசுக்கு, இன்னும் பார்க்கவில்லையென்றால், தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். அவற்றாலும் படபடப்பு வரும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

இது வாரத்துக்குப் பல முறை வந்து பகல் வேலையையும் கெடுக்கிறதென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

சரி, இனி உங்கள் கேள்வி. ‘தெரிந்தால் பயம் போய்விடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

1896 ஜூலையில் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு உங்களுக்கு வந்தது போலவே ஒன்று வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் இதோ சாகப் போகிறோம் என்ற திகில். அவன் டாக்டரைக் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கை கால் நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, ‘சாவது எது?’ என்று உள்ளே பார்த்தான். சில வாரங்களில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். பின்னாளில் ரமண மகரிஷி என்று நாம் அறிந்தவர் அவர்தான். 1949இல் கையில் புற்றுநோய், நான்கு முறை அறுவை சிகிச்சை. பக்தர்கள் அழுதபோது, நான் எங்கே போவேன், இங்கேதானே இருக்கிறேன் என்கிற பொருளில் பதில் சொன்னார்.

இப்போது உங்கள் கணவரின் ஆளைப் பார்ப்போம். உங்கள் ஊர்க்காரரும்கூட. ஆன்மா, நரகம், மோட்சம் எதையும் ஒத்துக்கொள்ளாத பெரியார், 94 வயதில், சிறுநீர் இறங்கக் குழாய் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம். ஐந்தாம் நாள், 24ஆம் தேதி, வேலூரில் உயிர் பிரிந்தது.

நான் போகவே மாட்டேன் என்றவர் ஒருவர். போனால் மிச்சம் ஒன்றுமில்லை என்றவர் இன்னொருவர். இருவரில் ஒருவர் சொன்னது தப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சாவு பயம் இருவரையும் ஆட்டி வைத்ததாகத் தெரியவில்லை. விடை எதிரெதிர், தைரியம் மட்டும் ஒன்று என்றால், தைரியம் அந்த விடையிலிருந்து வந்திருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. மறுபக்கமும் பாருங்கள். தீவிர பக்தராக இருந்துகொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடுங்கியவர்களும் உண்டு, வாழ்நாளெல்லாம் நாத்திகம் பேசிவிட்டு நடுங்கியவர்களும் உண்டு.

நாத்தனாரின் வீடியோக்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த அனுபவங்கள் பொய்யில்லை. நெதர்லாந்தில், இதயம் நின்று பிழைத்த 344 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் 62 பேருக்கு வெளிச்சம், இறந்துபோன உறவினர்கள் என்று ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. மீதி 282 பேருக்கு ஒன்றுமே நினைவில்லை. இந்த 282 பேர் வீடியோ போடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இப்படிப் பிழைத்தவர்களிடம் கேட்டு 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. இங்கே பலர் சொன்னது என்ன தெரியுமா? எமதூதர்கள் இழுத்துப் போனார்கள், அங்கே ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து ‘ஆள் மாறிப்போச்சு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் சொல்லப்படும் அனுபவங்களில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. சித்திரகுப்தன் ஆபீஸில் மட்டும் நம்மூர் ஆபீஸ் போலவே தப்பு நடக்கிறது! இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. வாசல்வரை போய்த் திரும்பியவர்களும் அவரவர் ஊர்க் கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள். இதை வைத்து அந்தப் பக்கம் இருக்கிறது என்றும் அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு அந்த நெதர்லாந்து ஆய்வில் பிடித்தது வேறு. பல வருஷம் கழித்துப் பார்த்தபோது, அனுபவம் கண்டவர்களுக்குச் சாவு பயம் குறைந்திருந்தது.

கருட புராணத்தை இரவில் தனியாகப் படிக்க உட்கார்ந்தது உங்கள் தப்பு. (ஒரு சினிமா வந்த பிறகு எண்ணெய்க் கொப்பரை எல்லோருக்கும் மனப்பாடம்.) துக்க வீட்டில் நாலு பேர் நடுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பாதி கேட்டும் பாதி தூங்கியும் கேட்கிற நூல் அது. போனவருக்காகப் பிள்ளைகள் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் பெரும்பகுதி. நரகப் பட்டியல், உயிரோடு உட்கார்ந்து கேட்கிறவன் அடுத்தவன் சொத்தில் கை வைக்காமல் இருப்பதற்காக. ஸ்ட்ரோக் வந்து போன உங்கள் அப்பாவுக்காக எழுதியதில்லை.

அம்மா காக்கைக்கு வைக்கும் சோற்றையும் இந்த வழக்கில் சாட்சியாக இழுக்காதீர்கள். பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூரில் 1876இலும், பிறகு 1899 முதலும் தோண்டிய இடங்களில் பெரிய பெரிய தாழிகள் கிடைத்தன. உள்ளே எலும்பு, கூடவே சின்னச் சின்ன மண்பானைகள், இரும்புக் கருவிகள், நெல்லும் தினையும் இருந்ததற்கான உமி. யாரோ ஒரு பெண் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பசிக்குமே என்று அள்ளி வைத்திருக்கிறாள். மறுஉலகத்தைப் பற்றிக் கொள்கை வகுத்துவிட்டு வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களையும் பாருங்கள், அதே கைதான். உங்கள் அம்மா இத்தனை வருஷம் அவருக்குச் சமைத்தவர். ஒரு நாள் காலையில் திடீரென்று எப்படி நிறுத்துவார்? கணவரிடமும் சொல்லுங்கள், இதில் அவர் ஜெயிக்க ஒன்றுமில்லை.

மகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ‘அப்புச்சி செத்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி வர மாட்டாரு.’ தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை அப்புறம் தூங்கவும் பயப்படும், நீங்கள் பஸ் ஏறினாலும் அழும். எங்கே போனார் என்று மறுபடி கேட்டால், ‘பாட்டி இப்படி நம்பறாங்க, அப்பா அப்படி நினைக்கறாரு, அம்மா இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்’ என்று சொன்னால் போதும். குழந்தைகளுக்கு இது பெரியவர்கள் நினைக்கிற அளவுக்குக் குழப்பமில்லை.

இப்போது, நீங்கள் ஒற்றை வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. ஒரு மடக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். அதனால்தான் வாய்வழி கொடுக்க வேண்டாம் என்பார்கள். உடம்புக்கு வேண்டிய நீர் ஊசி வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ போய்க்கொண்டுதான் இருக்கும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்திருக்கலாம். உங்களில் ஒருவரைப் பத்து நிமிடம் உள்ளே விட்டிருக்கலாம். அதை யாரும் உங்களுக்குப் பொறுமையாக விளக்கவில்லை என்பதில் எனக்கும் கோபம்தான். ஆனால் தாகத்தால் அவர் போகவில்லை, நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததாலும் போகவில்லை.

என் பாட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் தன் சாவுச் செலவுக்கென்று பணம் முடிந்து வைத்திருந்தாள். கோடி பிறந்த வீட்டிலிருந்து வந்துவிடும், பந்தல்காரனுக்கும் பறைக்காரனுக்கும் கடன் வைக்கக் கூடாது என்பாள். எண்ணி எண்ணிப் பார்ப்பாள். திண்ணையில் கிடந்து, பேரன் பேத்தி எல்லாம் சுற்றி நிற்கத்தான் போனாள். வரிசையாகப் பால் ஊற்றச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் ஊற்றிய பால் உள்ளே இறங்கவே இல்லை, கடைவாயில் வழிந்தது. நான்தான் சரியாக ஊற்றவில்லை, அதனால்தான் பாட்டி செத்தாள் என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கூடவே இருந்து, கையால் ஊற்றியவளுக்கும் இந்தக் கதைதான். அந்தப் பால் போகிறவருக்கு ஊற்றுவதில்லை என்று புரிய எனக்குப் பல வருஷமாயிற்று.

அதனால் நாளைக்கு அம்மா சோறு வைக்கும்போது பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை நீங்கள் வையுங்கள். நம்பிக்கை இருந்தால்தான் வைக்க வேண்டும் என்றில்லை. கணவர் ஏதாவது சொன்னால், காக்கைக்கும் தாகம் எடுக்கும் என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுங்கள். ஈரோட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் பெண்கள் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து இறக்கிவைத்த பாரத்தை, நீங்கள் இரவு இரண்டு மணிக்குத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை முழுசாக இங்கே போட முடியவில்லை. மொத்தம் நாலு பக்கம். அதில் சாவு, எமன், நரகம், ஈசிஜி எல்லாம் இருக்கிறது. அப்பா எப்படிப்பட்டவர் என்று ஒரு வரிகூட இல்லை. என்ன வேலை பார்த்தார்? டீக்குச் சர்க்கரை போடுவாரா? உங்களை எப்படிக் கூப்பிடுவார்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். நாலு பக்கம் போதாவிட்டாலும் பரவாயில்லை.