ஓசூரில் கேட்கும் மூன்று 'மாடு'

ஓசூர் பக்கம் தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவர் வாயிலும் 'மாடு' வருகிறதே, மூன்றும் ஒரே சொல்தானா என்பது கேள்வி.

இல்லை. ஒலி ஒன்று, வேர் வேறு வேறு. கன்னடத்தில் 'மாடு' என்றால் செய். 'கெலச மாடு' என்று ஒருவர் சொன்னால் வேலையைச் செய் என்று அர்த்தம். அதில் கால்நடை எதுவும் இல்லை. தெலுங்கில் அது கருகுவதைக் குறிக்கும் வினை. அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டால் 'அன்னம் மாடிந்தி' என்பார்கள்.

நம் மாட்டுக்கோ இன்னொரு பழைய பொருளும் உண்டு: செல்வம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 400ஆம் குறளில் 'மாடல்ல மற்றை யவை' என்று வருகிறது அல்லவா, கல்வியைத் தவிர மற்றவை செல்வமே அல்ல என்கிறார் வள்ளுவர். மந்தைதான் சொத்து என்றிருந்த காலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததில் வியப்பில்லை.

சரி, ஒரே மாதிரி ஒலித்தால் உறவு என்று நம்பக்கூடாது. வேறு மாதிரி ஒலித்தால் உறவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் 'எருது'வும் கன்னட 'எத்து'வும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டுக்கும் பொருளும் காளைதான்.