நாடக மேடைக்கு லைட், மைக்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் நாடகக் குழு 80 பேர் உட்காரும் சிறிய ஹாலில் நாடகம் போடுகிறது. மேடை 20 அடி அகலம், 14 அடி ஆழம். இரண்டு மூவிங் ஹெட், எட்டு '54 எல்இடி' பார் லைட் சேர்த்து ஒரே செட்டாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மூவிங் ஹெட் வேண்டவே வேண்டாம். தானாகத் திரும்பிச் சுழலும் அந்த லைட் கல்யாண மேடைக்கும் நடனத்துக்கும் உரியது. சிறிய ஹாலில் நடிகர் பேசாமல் நிற்கும் நேரத்தில் அதன் மின்விசிறிச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும்.

54 எல்இடி பார், அதாவது 54 சிறு எல்இடி பதித்த வட்ட மேடை விளக்கு, பின்னணி நிறத்துக்கு நல்லது. முகத்துக்கு உதவாது. அதிலுள்ள 54 விளக்குகளில் பெரும்பகுதி சிவப்பு, பச்சை, நீலம்தான். வெள்ளை மிகக் குறைவு. மூன்று நிறங்களையும் கலந்து வரும் வெள்ளையில் மஞ்சள் பகுதி இருக்காது என்பதால் நம் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலத் தெரியும். முகத்துக்கு வார்ம் ஒயிட் (இளமஞ்சள் வெள்ளை) சிஓபி பார், அதாவது ஒரே பெரிய எல்இடி உள்ளது, 100 வாட், ஆறு வாங்குங்கள். நிற வெப்பம் 3200 கெல்வின் அளவிலும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவான சிஆர்ஐ 90க்கு மேலும் இருக்க வேண்டும். பின்னாலிருந்து நிறம் போட 54 பார் நான்கு போதும்.

மேடையின் அகலத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமும் முன்பக்கமிருந்து ஒவ்வொரு லைட் கொடுங்கள். 45 டிகிரிச் சாய்வுதான் முகத்துக்குப் பொருந்தும். கணக்கு எளிது: முகம் 5½ அடி உயரம், லைட் தொங்கும் பைப் 13 அடி உயரம் என்றால் இடையில் 7½ அடி. ஆகவே பைப்பும் நடிகருக்கு 7½ அடி முன்னால் இருக்க வேண்டும். தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டால் கண்குழி கறுத்துப்போகும்; மிகவும் தாழ்த்தினால் நிழல் பின்திரையில் விழும். ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் தவிர தனியாக ஒரு சேஃப்டி வயர் கட்டாயம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். உள்ளங்கையை ஒளியில் நீட்டி, தோல் தோலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்: மட்டமான லைட் முதல் பத்து சதவீதத்துக்குள் விட்டுவிட்டுத் துள்ளும், அதில் காட்சியை மெல்ல அணைக்க முடியாது. பாதி வெளிச்சத்தில் வைத்து செல்போனில் வீடியோ எடுங்கள். கோடு ஓடினால் உங்கள் நாடகப் பதிவிலும் ஓடும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இந்தப் பத்து லைட்டும் சேர்ந்து ஏறத்தாழ 1200 வாட், அதாவது 230 வோல்ட்டில் 5 ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். பழைய 1000 வாட் ஹாலஜன் பார் பத்து என்றால் 43 ஆம்பியர். த்ரீ பேஸ் இல்லாமல் முடியாது. ஹாலில் ஏற்கெனவே டிம்மர் பேக் (லைட்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் பெட்டி) இருந்தால் எல்இடியை அதில் செருகாதீர்கள், உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும். நேர் மின்சாரம் கொடுத்து, வெளிச்சத்தை டிஎம்எக்ஸ் வழியாக, அதாவது போர்டிலிருந்து லைட்டுக்குக் கேபிளில் போகும் கட்டளை மூலம், குறையுங்கள்.

கேள்வி: டிஎம்எக்ஸ் போர்டு வாங்கினோம். கடைசி இரண்டு லைட் தானாக மினுக்குகிறது. லைட் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கேபிள்தான். மைக் கேபிளின் முனையும் அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக்தான் என்று அதையே போட்டிருப்பீர்கள். நாலைந்து மீட்டருக்கு ஓடும். தூரம் கூடினால் சிக்னல் கெடும். 110 அல்லது 120 ஓம் டிஎம்எக்ஸ் கேபிள் கேட்டு வாங்குங்கள். ஒரு லைட்டின் அவுட்டிலிருந்து அடுத்ததன் இன்னுக்கு, சங்கிலியாகவே போக வேண்டும். நடுவில் ஒய் கேபிள் போட்டுப் பிரிக்கக் கூடாது. ஓர் ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 2, 3 முனைகளுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் பற்றவைத்துக் கடைசி லைட்டின் அவுட்டில் செருகுங்கள். சில ரூபாய்ச் செலவில் பாதித் தொல்லை தீரும். லைட் சவுண்ட் மோடில் (ஒலிக்கேற்பத் தானாக மினுக்கும் நிலை) கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு லைட்டிலும் வைக்கும் டிஎம்எக்ஸ் முகவரி, எட்டு சானல் லைட் என்றால், 1, 9, 17 என்று போக வேண்டும்.

கேள்வி: நடிகர்களுக்கு ஆறு காலர் மைக் தேவையா? இன்னொன்று: லேப்டாப்பில் பாட்டுப் போட்டால் இசை கேட்கிறது, பாடகர் குரல் காணாமல் போகிறது. கூடவே ஹம்மிங்.

பதில்: 80 பேர் ஹாலுக்குக் காலர் மைக் தேவையில்லை. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்காகும்போதெல்லாம், ஊளையிடாமல் ஒலியை ஏற்றுவதற்கான இடம் 3 டெசிபல் குறையும். அந்தப் பணத்தில் பின்சுவருக்குக் கனமான திரை போட்டு எதிரொலியைக் குறையுங்கள், வசனம் தெளியும். அப்படியும் போதாவிட்டால் மேடை விளிம்பில் இரண்டு பவுண்டரி மைக் (தரையில் வைக்கும் தட்டை மைக்) வையுங்கள். அவை பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியே மிக்சர் தரும் மின்சாரம்) கேட்பவை என்றால் மிக்சரில் 48 வோல்ட் பட்டன் இருக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்கட்டும்.

குரல் மறைவதற்குக் காரணம், லேப்டாப்பின் ஸ்டீரியோ பின்னை ஒரே எக்ஸ்எல்ஆர் இன்புட்டில் கொடுத்தது. எக்ஸ்எல்ஆர் போன்ற பேலன்ஸ்டு இன்புட் இட, வல இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும்; இரு பக்கமும் ஒரே அளவில் பதிவான குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிள் வாங்கி, இரண்டு லைன் சானலில் செருகுங்கள்.

ஹம்மிங் பெரும்பாலும் சார்ஜர் வழியாக வரும் எர்த் லூப், அதாவது லேப்டாப்பும் மிக்சரும் இரு வழியில் எர்த்தில் இணைவதால் வரும் இரைச்சல். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் அதுதான். கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸை லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே போட்டால் சரியாகும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மிங்கை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது மைக் பிடித்த ஆளின் உயிரோடு விளையாடுவது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று ஒயர்மேனிடம் கேளுங்கள்.

கேள்வி: பிளாட்ஃபாரம் செய்ய எந்த பிளைவுட்?

பதில்: 8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர், ஐஎஸ் 303 (பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை உள்ளது. 12 மில்லிமீட்டர் மிதித்தால் தொய்யும். இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், கால்களுக்குச் சாய்வுக் கட்டை, ஆணிக்குப் பதில் போல்ட். நடக்கும்போது மத்தளம் போல அதிராமலிருக்க, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பழைய கார்ப்பெட் துண்டு வைத்து முடுக்குங்கள்.