முதிரைக் குற்றியும் மச்சானின் மெசினும்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தை மாதம் மாமியாருக்கு அரசு பெமிற்றில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுத்த காணியில் சின்னதாக ஒரு மர ஆலை தொடங்கினாராம். அரியும் மெசின் மனைவியின் தமையன் போட்ட 12 இலட்சத்தில் வந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த முதிரைக் குற்றிகளை அரிந்து, இரவோடு இரவாகத் தன் உழவு இயந்திரத்திலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார். வழியில் வன இலாகா மறித்துவிட்டது. பலகையும் உழவு இயந்திரமும் நீதிமன்றத்தில், றைவர் பிணையில். றைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம். மச்சானோ காசைத் திருப்பிக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

தம்பி, முதலில் அந்த ஒப்புக்கொள்ளும் கதையை நிறுத்துங்கள். வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவைப் படிக்காதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். றைவர் குற்றவாளி என்று தீர்ந்தால் தண்டப்பணத்தோடு விடாது, மரம் ஏற்றிய வாகனத்தையும் அரசுடைமையாக்குவதற்கு அந்தப் பிரிவு வழி திறந்துவிடும். சில ஆயிரம் தண்டத்தோடு போகட்டும் என்று தலையாட்டிவிட்டு வாகனத்தை இழந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் வாகனம் தானாகப் போய்விடாது. குற்றத்தில் சேராத உரிமையாளரைக் கேட்காமல் வாகனத்தை எடுக்க முடியாது என்று 1987இல் மனவாடு வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் றைவரின் வழக்கு முடிந்த பிறகு உங்களுக்கு ஒரு விசாரணை உண்டு. அதில், இப்படி நடக்காமலிருக்க எடுக்கக்கூடிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்று நீங்கள்தான் காட்டவேண்டும். இதில்தான் உங்கள் பக்கம் மெலிவாக இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பலகை உங்கள் ஆலையில் அரிந்தது, இரவில் ஏற்றச் சொன்னதும் நீங்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது எடுபடாது. உங்கள் நியாயமும் றைவரின் நியாயமும் ஒன்றல்ல, ஆனபடியால் இருவருக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம். செலவு கூடும்தான், என்ன செய்வது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மரம் கொண்டுவந்தவர் "பழைய திகதி போட்டு மரப் பெமிற் எடுத்துத் தாறன்" என்றாராம். அதைக் கையாலும் தொடாதீர்கள். இப்போது இருப்பது மரக் குற்றம் ஒன்றுதான், அந்தத் தாளைக் காட்டினால் கள்ளப் பத்திரக் குற்றமும் சேரும். அந்த ஆள் எழுதிய சீட்டு, தொலைபேசியில் அனுப்பிய செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

காட்டு மரம் என்று வழக்கு வந்தால் சட்டம் அதை அரசின் மரம் என்றே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது வைத்திருப்பவர். ஒவ்வொரு குற்றியோடும் ஒரு தாள் வரவேண்டும் என்பது அதனால்தான். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் எடுத்ததென்றால் பில். சொந்தக் காணியில் தறித்ததென்றால் கிராம அலுவலர், பிரதேச செயலகம், வன இலாகா வழியாக வந்த அனுமதி, ஏற்றிப்போகத் தனி மரப் பெமிற். வீட்டுத்தோட்ட மரம் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் முதிரையும் பாலையும் அந்தக் கணக்கில் வராது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் வளவுக்குள் நின்றாலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது. ஆரோ கொண்டுவந்ததைக் கூலிக்கு அரிந்துகொடுத்தேன் என்பது சாட்டாகாது. 2009இல் போர் முடிந்த பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்து கூரைமரத்துக்குச் சனம் அலைந்த காலத்தில் வந்ததையெல்லாம் அரிந்து பழகிய ஆலைகள் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நீங்களும் தொடங்கியிருக்கிறீர்கள் போல.

பிரதேச சபையின் வியாபார உரிமம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. மர ஆலைக்கு வன இலாகாவில் தனிப் பதிவு வேண்டும், சூழல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். பதிவு வரும்வரை மெசினை நிறுத்துங்கள். வழக்கு நடக்கும்போது ஆலையும் ஓடினால் உங்கள் சொல்லை எந்த நீதவானும் கேட்கமாட்டார். நிற்கிற நாட்களில் ஒரு தடித்த கொப்பி வாங்கி, இருக்கிற ஒவ்வொரு குற்றியையும் அளந்து, எவரிடமிருந்து எந்தத் தாளோடு வந்தது என்று எழுதுங்கள். தாள் இல்லாததைப் பற்றிக் கொப்பியில் கதை எழுதவேண்டாம், அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

மச்சானின் விஷயம் வேறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், போட்ட முதலீடு ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குத் தொழில் என்றால் எழுத்தும் கையொப்பமும் கேட்கிறது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபா, இன்னும் மாறவில்லை! ஆகவே உங்கள் வாய்ப்பேச்சுக் கூட்டை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம். ஆனால் கூட்டாளிகளின் கணக்குத் தீர்ப்பைப் பற்றி வாய்ச் சாட்சியம் சொல்லத் தடையில்லை, வெளியில் கடன் கொடுத்தவர்களும் இருவரையும் இழுக்கலாம். மச்சான் இதைக் கைமாற்றுக் கடன் என்று சொன்னால், எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். மெசின் பில் அவர் பெயரில் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே மெசின் அவருடையது என்று அவர் நின்றால் உங்களிடம் பெரிய பதில் இல்லை. கோபம் முற்றுமுன் இருவரும் இருந்து, எவருடையது எது, கூலி வந்தால் எவருக்கு எவ்வளவு, மெசினை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வையுங்கள்.

மாமியாரின் காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெமிற் என்றால் குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்தது. அதை உங்களுக்குக் குத்தகைக்கு எழுதித்தர அவரால் முடியாது, நொத்தாரிசிடம் போய்ப் பலனில்லை. நிபந்தனை மீறியதாக எவராவது அறிவித்தால் பெமிற்றை நீக்கவும் விசாரணை வரலாம். பிரதேச செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணி ஒன்று பார்த்து மெசினை நகர்த்துங்கள்.

வழக்குத் தவணை அடுத்த மாதம் என்றிருக்கிறீர்கள். றைவர் அதற்குள் பயந்துபோய் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது. அவருக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியை அவரே பிடிக்கட்டும். இன்றைக்கே அவர் வீட்டுக்கு ஒருக்கால் போய் அதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், என்ன சாட்சி சொல்வது என்று ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.